சுண்டைக்காய் அளவில் மூன்று விளக்குகள்

திங்கட்கிழமை காலை. பூட்டைத் திறந்தேன், செருப்பை ஓரமாக விட்டேன், ஜன்னல் கதவுகளைத் தள்ளினேன், கம்ப்யூட்டர் மேல் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்தேன். எடுத்த உறையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

பெட்டியின் முகம் மாறியிருந்தது.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் பெட்டி இன்று போல நிமிர்ந்து நிற்காது. மேஜைமேல் படுத்துக் கிடக்கும். அதன் தலைமேல் மானிட்டர் உட்கார்ந்திருக்கும். பெட்டியின் வலது ஓரத்தில் வரிசையாக மூன்று சின்ன விளக்குகள். பச்சை எரிந்தால் கரண்ட் வருகிறது, மஞ்சள் எரிந்தால் வேகமாக ஓடுகிறது, சிவப்பு மினுங்கினால் உள்ளே டிஸ்க் வேலை செய்கிறது. மூன்றும் மூக்குத்திக் கல் அளவுதான் இருக்கும்.

நான்கு நாள் லீவில் ஊருக்குப் போகும்போது அப்படித்தான் இருந்தன. இப்போது அதே இடத்தில் சுண்டைக்காய் அளவில் மூன்று விளக்குகள் புடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தன. துளைகளைச் சுற்றி அரம் போட்டுத் தேய்த்த தடம். மேஜையில் வெள்ளையாகக் கொஞ்சம் பிளாஸ்டிக் தூள்.

அந்தத் தூளை விரலால் தொட்டு முகர்ந்துகூடப் பார்த்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். சந்தேகம் வந்துவிட்டால் என் மூக்குதான் முதலில் வேலை செய்யும்.

சிவப்பு விளக்குக்கு ஒரு கும்பிடு

எந்த இடம், என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன்.

மைசூரில் சரஸ்வதிபுரத்தில் ஒரு வீட்டின் முன்னறையில் கம்ப்யூட்டர் ஜாதக நிலையம் நடந்தது. நடத்தியவர் வேதவல்லியம்மா. டெலிபோன் ஆபீஸ் வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு வந்தவர். வருகிற ஜாதகங்களுக்கு வரனும் பார்த்துத் தருவார். மேல்கோட்டைப் பூர்விகம். வீட்டில் பேசும் தமிழ் பாதி ஆழ்வார் காலத்தியது, பாதி கன்னடம். நான் அங்கே ஆபரேட்டர். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்து, பெண்கள் விடுதியில் தங்கி, கம்ப்யூட்டர் படித்து, அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தவள்.

பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் யந்திரம் கொஞ்ச நேரம் முனகும். அப்புறம் பிரிண்டர் கிர்ர் கிர்ரென்று கட்டத்தைப் போட்டுத் துப்பும். கன்னடத்திலும் வரும், தமிழிலும் வரும். பஞ்சாங்கம் பார்த்துக் கையால் எழுதிய ஜாதகத்தை நம்பாதவர்கள்கூட இதை நம்பினார்கள். "கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு" என்றால் அதற்கு மேல் வீட்டில் பேச்சில்லை.

வந்தவர்களை உட்கார வைத்து வேதவல்லியம்மா அந்தச் சிவப்பு விளக்கைத்தான் காட்டுவார். "அதோ பாருங்கோ, மினுக் மினுக்குன்னு. உங்க பொண்ணு ஜாதகத்தைத்தான் கணிச்சிண்டிருக்கு." நஞ்சன்கூட்டிலிருந்து வந்த ஒரு தாயார் அந்த விளக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொருவர், "சிவப்பு வந்துடுச்சே, செவ்வாய் தோஷமா?" என்று பதறினார். எல்லோருக்கும் சிவப்புதான் வரும் என்று நான் சொல்ல, எல்லோருக்குமா தோஷம் என்று அவர் இன்னும் பதறினார்.

பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கு அந்த விளக்கு சரியாகத் தெரிவதில்லை என்பது வேதவல்லியம்மாவுக்குப் பெரிய குறை. "கடுகாட்டம் வெச்சிருக்கான் பாரு" என்று பெட்டி செய்தவனைத் திட்டுவார்.

என்னை வேலைக்கு எடுத்த அன்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார். இந்த அறையில் உள்ள சாமான் எல்லாவற்றுக்கும் சாந்தாமணி பொறுப்பு. சாந்தாமணி நான்தான். அறைக்கு இரண்டு சாவி, ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். முதலாளியம்மாவே தன் பொருளைத் திருடமாட்டார். ஆகையால் எது காணாமல் போனாலும் விரல் நீட்ட ஒரே ஆள் நான். அது எனக்குக் கையெழுத்துப் போடும்போதே தெரியும்.

எண்ணி வைத்த திருகாணிகள்

அந்த நாட்களில் மைசூரில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ரிப்பேருக்கு என்று வருகிற ஆள் பெட்டியைத் திறந்து நல்ல ராமை உருவிக்கொண்டு, மட்டமான ராமைச் செருகிவிட்டுப் போய்விடுவானாம். ராம் என்பது கம்ப்யூட்டரின் ஞாபக சக்தி, நம் விரல் நீளத்தில் இருக்கும் ஒரு பச்சைப் பட்டை. அன்றைக்கு அதற்குத் தங்கத்தின் மரியாதை. யந்திரம் என்னவோ ஓடும், சோம்பலாக ஓடும். மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

எங்கள் விடுதியிலேயே ஒரு பெண்ணுக்கு இது நடந்தது. அவள் வேலை பார்த்த டைப்பிங் சென்டரில் ராம் மாறியிருந்தது. யார் எடுத்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. பொறுப்பு அவள்தான் என்பதால் அவளை அனுப்பிவிட்டார்கள். சாமராஜநகர் பஸ்ஸில் டிரங்குப் பெட்டியோடு ஏறினாள். ஊரில் ஒருவரும் அவளிடம் என்ன நடந்தது என்று கேட்கவில்லையாம். அவர்களாகவே ஒன்று முடிவு செய்துகொண்டார்கள்.

எனக்கு அது போதும். என் அப்பா நான் மைசூரில் இருப்பதையே பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தவர். திருட்டு என்று ஒரு சொல் காதில் விழுந்தால் அடுத்த ஹனூர் பஸ்ஸில் நானும் ஏறவேண்டியதுதான். அதன்பின் வேலை, மைசூர், சொந்தச் சோறு எதுவும் கிடையாது.

சந்தேகம் எங்கள் வீட்டுச் சொத்து என்றும் சொல்லவேண்டும். அப்பா மண்ணெண்ணெய் டின்னில் சாக்பீஸால் கோடு போட்டு வைப்பார். அம்மா அந்தக் கோட்டை அப்பாவே அழித்துப் போட்டிருப்பாரோ என்று சந்தேகப்படுவாள். சாம்பார்ப் பொடி மாதிரி எங்கள் வீட்டில் எல்லாவற்றிலும் சந்தேகம் ஒரு ஸ்பூன் விழும்.

அந்த ரத்தம்தானே எனக்கும். கம்ப்யூட்டர் பெட்டியைச் சுற்றி மேஜையில் பென்சில் கோடு போட்டு வைத்திருந்தேன். பெட்டியின் பின்னால் நான்கு திருகாணி. மூன்றுக்குத் தலையில் ஒற்றைக் கோடு, ஒன்றுக்கு மட்டும் பெருக்கல் குறி. அந்தப் பெருக்கல் குறி மேலே இடது பக்கம் என்று டைரியில் குறித்து வைத்திருந்தேன்.

அன்று காலை டார்ச் எடுத்துக்கொண்டு மேஜைக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். பெருக்கல் குறி கீழே வலது பக்கம் இருந்தது.

பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். விளக்கை மாற்றியது வெளிவேஷம், உள்ளே கை வைக்கத்தான் இந்த ஏற்பாடு என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

எல்லாம் சரியாக இருந்தது

சுவிட்சைப் போட்டேன். பச்சை பளீரென்று எரிந்தது. மஞ்சள் எரிந்தது. திரையில் ராம் எவ்வளவு என்று யந்திரம் எண்ணத் தொடங்கியது. நம்பர் ஓடி ஓடி ஓரிடத்தில் நின்றது. முன்பு எதில் நின்றது? தினமும் பார்த்த நம்பர், ஆனால் நினைவில்லை. நான்கு திருகாணியின் தலையெழுத்தையும் டைரியில் எழுதி வைத்த புத்திசாலி, இந்த நம்பரை எழுதி வைக்கவில்லை.

சிவப்பு விளக்கு எரியவே இல்லை.

டிஸ்கையே கழற்றிவிட்டார்களோ? மூன்று வருடமாக நான் தட்டிய ஜாதகங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அவசரமாகத் திறந்து பார்த்தேன். முதல் ஜாதகம் இருந்தது. கடைசி ஜாதகம் இருந்தது. நடுவில் பத்து திறந்து பார்த்தேன், பத்தும் இருந்தன. சாதாரண மனுஷியாக இருந்தால் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பாள். எனக்கு எல்லாம் சரியாக இருந்ததுதான் அதிகச் சந்தேகமாக இருந்தது. கை தேர்ந்தவன் சரியாகத்தானே வைத்துவிட்டுப் போவான்?

வேதவல்லியம்மாவைக் கேட்கலாமென்றால் அவர் சனிக்கிழமையே மேல்கோட்டைக்குப் போயிருந்தார். செவ்வாய்க்கிழமைதான் வருவார். பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் இல்லாதபோது யாராவது வந்தார்களா என்று கேட்டேன்.

"ஒப்ரு பந்தித்ரு. கையல்லி பேக் இத்து" என்றார்.

ஒருத்தர் வந்தார், கையில் பை இருந்தது. வியாழக்கிழமையாம். நடுவில் ஒருமுறை வெளியே போய் வந்தாராம், மற்றபடி மத்தியானம் பூராவும் உள்ளேதானாம்.

பை என்றதும் ஆள் தெரிந்துவிட்டது. முருகேசன்.

எங்களுக்குக் கம்ப்யூட்டர் விற்ற கம்பெனியிலிருந்து சர்வீஸுக்கு வருகிறவர். முப்பத்தைந்து வயதிருக்கும். அப்பா கட்டட வேலைக்குத் தர்மபுரிப் பக்கத்திலிருந்து மைசூர் வந்தவர், முருகேசன் பிறந்தது இங்கேயே. ரேடியோ ரிப்பேரில் தொடங்கிக் கம்ப்யூட்டருக்கு வந்தவர். பழுப்பு நிற ரெக்ஸின் பை ஒன்று எப்போதும் தோளில் தொங்கும். அதிகம் பேசமாட்டார். முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். பெண்கள் இருக்கும் இடத்தில் மரியாதைக்காகத் தலை குனிகிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். கண்ணைப் பார்க்காதவன் எதையோ மறைக்கிறான் என்று நான் நினைத்தேன்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். முருகேசன் நஞ்சன்கூட்டில் ஒரு ஃபாக்டரிக்குப் போயிருக்கிறார், நாளை அனுப்புகிறோம் என்றார்கள். ஓடிவிட்டான் என்று நினைத்தேன். நேரில் 'அவர்', 'நீங்க' என்று சொல்கிற ஆளை அன்று மனசுக்குள் 'அவன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

"நானா? நான் எதுக்குடி சொல்லப்போறேன்?"

செவ்வாய்க்கிழமை காலை வேதவல்லியம்மா மேல்கோட்டைப் புளியோதரையோடு வந்து சேர்ந்தார். பொட்டலத்தை அவர் நீட்டுவதற்குள் நான் கேட்டேன்.

"அம்மா, கம்ப்யூட்டர்ல லைட்ட மாத்தச் சொன்னீங்களா?"

"நானா? நான் எதுக்குடி சொல்லப்போறேன்? எந்த லைட்டு?"

காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அய்யய்யோ, இதென்னது முட்டைக் கண்ணாட்டம்! எப்போ இப்படி ஆச்சு?"

"வியாழக்கெழம முருகேசன் வந்தாராமே?"

"வந்தார். நான்தான் கூப்பிட்டேன். ஒருத்தருக்கு அவசரமா ஜாதகம் வேணும்னா, நீயும் ஊர்ல இல்லை. எனக்கு இதைத் தொடவே பயம். அவர்தான் அச்சடிச்சுக் குடுத்தார். அப்புறம் நான் சகஸ்ரநாமம் கோஷ்டிக்குக் கிளம்பிட்டேன். சாவியைப் பக்கத்தாத்துல குடுக்கச் சொன்னேன். லைட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை."

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"பெருமாள் சத்தியமா பேசலைடி."

போதாதா? யாரும் சொல்லாமல், யாரும் இல்லாத நேரத்தில், ஒரு மத்தியானம் பூராவும் தனியாக இருந்து பெட்டியைத் திறந்திருக்கிறார். நான் ராம் கதையை எடுத்துவிட்டேன். கேட்கக் கேட்க வேதவல்லியம்மாவின் முகமும் வெளுத்தது.

"அப்போ உள்ளே என்ன இருக்கு, என்ன போச்சுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

எனக்குத் தெரிந்திருக்கவேண்டும், பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டவள் நான்தானே என்று அவர் சொல்லவில்லை. எனக்குத்தான் அப்படிக் கேட்டது.

பை

பதினொரு மணிவாக்கில் முருகேசன் வந்தார். அப்போது பெஞ்சில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. கட்டட மேஸ்திரி ஒருவர், அவர் மனைவி, கல்யாண வயதில் மகள். தமிழ்க்காரர்கள். முருகேசனைப் பார்த்ததும் மேஸ்திரி தலையசைத்தார், முருகேசனும் தலையசைத்தார். அதை நான் பார்த்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை.

"வந்துட்டீங்களா மேடம்? லைட்டு எப்படிங்க இருக்கு? இப்ப பெஞ்சுல உக்காந்தா நல்லாத் தெரியுது அல்வா?" என்றார் முருகேசன். அல்வா என்றால் கன்னடத்தில் 'இல்லையா'. வழக்கத்துக்கு மாறாக முகத்தில் ஒரு சந்தோஷம்.

என்ன தைரியம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தப் பையத் தொறங்க, பாக்கலாம்" என்றேன்.

"எந்தப் பை?"

"உங்க பைதானுங். தொறங்க."

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் வேதவல்லியம்மாவைப் பார்த்தார். வேதவல்லியம்மா சுவரில் இருந்த பெருமாள் படத்தைப் பார்த்தார். பெஞ்சில் மேஸ்திரி பேச்சை நிறுத்தினார்.

முருகேசன் பையைத் தோளிலிருந்து இறக்கினார். ஜிப்பைத் திறந்தார். என்னைத் தொட விடவில்லை. தானே ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். மீட்டர். பற்றவைக்கும் ஈயச்சுருள். சால்டரிங் அயன். இன்சுலேஷன் டேப். ஸ்க்ரூ டிரைவர்கள் நான்கு. டிஃபன் பாக்ஸ். அதன் மூடியையும் திறந்து காட்டினார். உள்ளே ராகிக் களி உருண்டையும் கீரைச் சாறும் இருந்தது. அதைத் திறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

அதன்பின் மூலைகளில் மஞ்சள் தடவிய ஒரு நோட்டுப் புத்தகம். ஜாதக நோட்டு. அதில் எழுதியிருந்த பெயரை மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்தே படிக்க முடிந்தது. அவர் தங்கையுடையது என்று பிறகு தெரிந்தது. அதை வைக்கும்போது மட்டும் அவர் கை கொஞ்சம் தயங்கியது.

கடைசியாக ஒரு காகித மடிப்பு. அதன் மேல் கன்னட எழுத்தில் எங்கள் நிலையத்தின் பெயர். பாய்ந்து எடுத்துப் பிரித்தேன். உள்ளே எங்கள் பழைய மூன்று விளக்குகள்.

"இதென்ன? எங்க லைட்டு! உங்க பையில எப்படி வந்துச்சு?"

"உங்களதுதான் மேடம். குடுக்கத்தான் கொண்டாந்தேன். கழட்டுன பழசை நான் வெச்சுக்கறதில்லை."

"மாத்தச் சொல்லி உங்களுக்கு ஆரு சொன்னாங்க?"

"அம்மாதான் சொன்னாங்க."

"நானா?" வேதவல்லியம்மா துள்ளி எழுந்தார். "நான் எப்போ சொன்னேன்?"

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? அன்னிக்கு வாசப்படியில நின்னு சொன்னீங்களே. நான் போயிட்டு வரேன், வேலை ஆனதும் வெளக்கைப் பெருசு பண்ணிட்டுப் போங்கோன்னு."

வேதவல்லியம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

எங்கள் வீட்டில் 'குளிர வை'

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம்.

விளக்கை அணை என்று சொன்னால் அபசகுனம் என்பது பல வீடுகளில் வழக்கம். ஹனூரில் எங்கள் வீட்டில் "வெளக்கக் குளிர வையி" என்போம். மலையேற்று என்பார்கள் சிலர். கன்னட வீடுகளில் "தீப தொட்டது மாடு" என்று ஒரு பேச்சு உண்டு. தீபத்தைப் பெரிதாக்கு என்று அர்த்தம், ஆனால் சொல்வது அணைக்கத்தான். கண்ணாடி வளையல் உடைந்தால் பெருகிப்போச்சு என்கிறோமே, அந்த மாதிரி.

வேதவல்லியம்மா இந்தக் கன்னடப் பேச்சை அப்படியே தன் வீட்டுத் தமிழுக்குக் கொண்டு வந்திருந்தார். பூஜை விளக்கானாலும், டியூப்லைட்டானாலும், கம்ப்யூட்டரானாலும் அவருக்கு அணைப்பது என்பதே கிடையாது. எல்லாம் "பெருசு பண்ணிடு"தான்.

முருகேசன் வளர்ந்தது கட்டடங்களுக்குப் பக்கத்தில் போட்ட தகரக் கொட்டகைகளில். அங்கே சிம்னி விளக்கை ஊதுவார்கள். கரண்ட் வந்தபின் ஆஃப் பண்ணுவார்கள். அவர் கன்னடம் சித்தாள்களிடமும் ரேடியோ கடையிலும் கற்ற கன்னடம். தீபத்தைப் பெரிதாக்கச் சொல்லி அவரிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. விளக்கு கடுகு மாதிரி இருக்கிறது என்று அம்மா குறைப்படுவதை மட்டும் அவர் பலமுறை கேட்டிருந்தார். அதைத்தான் சரி செய்யச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார். சயாஜி ராவ் ரோடுவரை போய்ப் பெரிய விளக்குகளைத் தேடி வாங்கி வந்து, துளைகளை அரத்தால் தேய்த்து அகலமாக்கி, மத்தியானச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு மாட்டியிருக்கிறார்.

இதில் எனக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. முருகேசனுக்கு அந்தப் பேச்சு தெரியாது. எனக்குத் தெரியும். மூன்று வருடமாக ஒவ்வொரு சாயங்காலமும் "சாந்தா, வெளக்கைப் பெருசு பண்ணிடு" என்று கேட்டுத்தான் நான் கம்ப்யூட்டரை நிறுத்தி வந்தேன். பெரிதாகிப்போன விளக்கைப் பார்த்ததுமே நான் சிரித்திருக்கவேண்டும். மைசூரிலேயே இந்த முடிச்சை அவிழ்க்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். எனக்கு அது தோன்றவே இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு திருகாணியைப் பார்க்கப் போய்விட்டேன்.

சிரிப்பு

முதலில் வேதவல்லியம்மா சிரித்தார். சிரிப்பு அடங்காமல் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெஞ்சில் மேஸ்திரி சிரித்தார், மனைவி சிரித்தார், மகள்கூட வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தேன். அப்படிச் சிரித்துவிட்டால் நான் கேட்டதும் அந்தச் சிரிப்போடு போய்விடும் என்று ஒரு கணக்கு.

முருகேசனும் லேசாகச் சிரித்தார்.

அப்புறம் பெட்டியைத் திறந்தார். நான் கேட்காமலே ராம் பட்டைகளைத் தொட்டுக் காட்டினார். நான்கு. வேதவல்லியம்மா பீரோவிலிருந்து வாங்கிய நாளின் சீட்டை எடுத்து வந்தார். அதிலும் நான்கு, பட்டைகளின் மேல் இருந்த நம்பர்களும் அவையே. சிவப்பு விளக்கு மட்டும் எரியவில்லை என்று நான் சொன்னேன். இந்த மாதிரி விளக்குக்கு ஒரு பக்கம்தான் கரண்ட் ஓடும், திருப்பி மாட்டினால் எரியாது என்றார் முருகேசன். பிளக்கைக் கழற்றித் திருப்பிச் செருகினார். சிவப்பு பெரிதாக மினுங்கியது.

"இது என் தப்பு மேடம். சரியாப் பாக்காம போயிட்டேன். மன்னிச்சுடுங்க" என்றார்.

அன்று அந்த அறையில் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

சாமான்களை எடுத்து வைக்கும்போது வேதவல்லியம்மா அந்த ஜாதக நோட்டைப் பார்த்தார்.

"இது தங்கையோடதா? என்ன முருகேசன், நம்மகிட்டே குடுக்கப்படாதா? வெச்சுட்டுப் போங்கோ. நல்ல வரனாப் பாத்துடலாம்."

முருகேசன் பெஞ்சுப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"வேண்டாங்கம்மா. வேற எடத்துல குடுத்திருக்கோம்" என்றார். நோட்டை டிஃபன் பாக்ஸுக்கு அடியில் வைத்து ஜிப்பை மூடினார்.

அது பொய் என்று நான் சந்தேகப்பட்டேன். வேறு இடத்தில் கொடுத்திருந்தால் நோட்டு எதற்குப் பையில் இருக்கிறது? எங்களிடம் கொடுக்கத்தான் அவர் நாள் பார்த்துக்கொண்டு சுமந்திருக்கிறார். என் வாழ்க்கையில் சரியாகப் போன சந்தேகம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பாத்துடுங்க மேடம்

ஒரு மாதம் கழித்துப் பிரிண்டர் கோளாறுக்காக முருகேசன் வந்தார். வேலையை முடித்தார். கையைத் துடைத்தார். பிறகு பையை மேஜைமேல் வைத்து, ஜிப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திறந்து, இரண்டு கையாலும் அகலமாக விரித்து என் பக்கம் நகர்த்தினார்.

"பாத்துடுங்க மேடம்."

குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. சர்வீஸ் சீட்டில் கையெழுத்துக்கு நீட்டுவாரே, அதே முகம்.

"அதெல்லாம் வேண்டாங்க" என்றேன்.

அவர் போகவில்லை. பையை விரித்தபடி நின்றார். நான் குனிந்து பார்த்ததும் மூடிக்கொண்டு போனார்.

அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும். அதன்பின் இன்னும் மூன்று வருடம் நான் அங்கே இருந்தேன், ஒரு தடவையும் தவறவில்லை. புதிதாக வருகிறவர்கள் அதை எங்கள் நிலையத்தின் விதி என்று நினைத்தார்கள். "பரவாயில்லையே, இவ்வளவு கண்டிப்பா இருக்கீங்களே" என்று ஒருவர் என்னைப் பாராட்டினார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வேலையை விட்டு நான் கிளம்புவதற்குச் சில நாள் முன்பு வாயைத் திறந்துவிட்டேன். அறையில் அவரும் நானும்தான்.

"முருகேசன், அன்னைக்கு நான் கேட்டது தப்புங்க. பெரிய தப்பு. அப்பவே சொல்லியிருக்கோணும். சொல்ல வாய் வரல. அதுக்காக எனக்கு இப்படித் தண்டனை குடுக்காதீங்க."

அவர் நிஜமாகவே திடுக்கிட்டார்.

"தண்டனையா? அய்யோ, அப்படியெல்லாம் இல்ல மேடம். உங்ககிட்ட மட்டுமில்ல, நான் போற எடத்துல எல்லாம் காட்டிட்டுதான் வரேன்."

"எதுக்கு?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"அன்னிக்கு உக்காந்திருந்தாரே மேஸ்திரி, அவங்க எங்க பக்கத்துத் தெரு. இங்க சிரிச்சுட்டுத்தான் போனாங்க. வெளக்கு, பெருசு பண்றது, அந்தக் கதையெல்லாம் சொல்லிப் புரிய வெக்க நேரமாகும் மேடம். முருகேசன் பையைச் சோதனை போட்டாங்கன்னு சொல்ல நேரமே ஆகாது. அதுதான் தெருவுல நின்னுச்சு. தங்கச்சிக்கு வர்ற எடமெல்லாம் அதைத்தான் கேக்கறாங்க."

அவர் தோளிலிருந்து பையை இறக்கினார்.

"இப்ப கேக்கறதுக்கு முன்னாடி நானே காட்டிடறேன். மனசுக்குக் கொஞ்சம் லேசா இருக்கு. நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க."

சொல்லிவிட்டுப் பையை மேஜைமேல் வைத்தார். ஜிப்பைத் திறந்து விரித்தார்.

"பாத்துடுங்க மேடம்."

எனக்குக் கண் மறைத்தது. உள்ளே என்ன இருந்தது என்று அன்று எனக்குத் தெரியவே இல்லை. ஆனாலும் குனிந்தேன். "சரி" என்றேன். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் அவர் ஜிப்பை மூடினார்.